விரால் அடிப்பான் கூட்டுக்கு ராத்திரிக் காவல் எதற்கு?

பழவேற்காடு ஏரியில் குளிர்காலத்தில் விரால் அடிப்பான் (ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே, மீனைத் தின்றே வாழும் வேட்டைப் பறவை) மீன் பிடிப்பதைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிரிட்டனில் இந்தப் பறவை கூடு வைக்கும் மரத்துக்கு ராத்திரி பகலாக ஆள் போட்டுக் காவல் காக்கிறார்களாமே, உண்மையா? இவ்வளவு பலசாலியான பறவைக்கு மனிதக் காவல் எதற்கு? அதை அதன் பாட்டுக்கு விட்டால் போதாதா?”

உண்மைதான். ஆனால் அங்கே அதை அதன் பாட்டுக்கு விட யாரும் தயாராக இல்லாமல் போனதுதான் கதையின் ஆரம்பமே.

முதலில் மீன் வளர்ப்பவர்கள் சுட்டார்கள். பண்ணைக் குளத்தில் வந்து ஆளுக்கு முன்னால் மீனைத் தூக்கிக்கொண்டு போகும் பறவையை யார் விட்டுவைப்பார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைகளைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், முட்டைகளைச் சேகரித்து இழுப்பறையில் அடுக்குவதும் கனவான்களின் பொழுதுபோக்காக ஆனது. விரால் அடிப்பானின் முட்டை அழகானது. பால் வெள்ளையில் செம்பழுப்புத் திட்டுகள் தீற்றியிருக்கும், ஒரு முட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. சேகரிப்பவனுக்கு அதுதானே வேண்டும். பறவை அருக அருக முட்டையின் மதிப்பு ஏறியது, மதிப்பு ஏற ஏற பறவை இன்னும் அருகியது. ஸ்காட்லாந்தில் ஏரி நடுவே இடிந்து கிடக்கும் கோட்டைச் சுவரின் மேல் இவை கூடு வைத்திருந்த இடம் ஒன்று உண்டு, லோக் அன் ஐலன் என்று பெயர். அந்தப் பனிக்குளிர் தண்ணீரில் நீந்திப் போய் முட்டை எடுத்து வந்தவர்கள் இருந்தார்கள். கடைசியாக 1916-இல் ஸ்காட்லாந்தில் ஒரு கூடு. அதற்கப்புறம் பிரிட்டன் முழுவதிலும் இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

‘பலசாலியான பறவை’ என்கிறீர்கள். மீனுக்கு முன்னால் பலசாலிதான். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். காலில் வெளி விரலைப் பின்னால் திருப்பி, இரண்டு நகம் முன்னால் இரண்டு நகம் பின்னால் என்று மீனை இடுக்கிக்கொள்ளும். உள்ளங்காலில் முள் முள்ளாகச் சொரசொரப்பு, வழுக்கும் மீன்கூட நழுவாது. தண்ணீரில் பாயும்போது மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். ஆனால் இந்தத் திறமை எல்லாம் கூட்டைக் காப்பாற்ற உதவாது. கூட்டை அது ஒளித்து வைப்பதே இல்லை. ஏரிக்கரையில் இருப்பதிலேயே உயரமான பைன் மரத்தின் உச்சியில், மேலே ஒரு கிளைகூட மறைக்காத இடத்தில், ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகக் குச்சிகளை அடுக்கிக் கட்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். மனிதனைத் தவிர வேறு எதிரி அதிகம் இல்லாத காலத்தில் பழகிய வழக்கம் அது.

இன்னொரு குணத்தைச் சொன்னால்தான் காவலின் அவசியம் புரியும். ஒரு ஜோடி வருஷா வருஷம் அதே கூட்டுக்குத்தான் வரும். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி, ஆணும் பெண்ணும் தனித்தனியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். செனகல், காம்பியா, கினி பிசாவ் கரைகளில் ஒன்றை ஒன்று பார்க்காமலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து, சில நாள் முன்பின்னாக அதே மரத்தில் வந்து இறங்கும். அவை சந்திக்கும் இடமே அந்தக் கூடுதான். பரம்பரை வீடு மாதிரி. ஒரு தலைமுறை போனாலும் அடுத்தது வந்து பழுது பார்த்துக் குடியேறும். குஞ்சுகளில் ஆண், பெரும்பாலும் தான் பிறந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து, ஏற்கெனவே கூடு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம் பார்க்கும். புது நாட்டுக்குப் போய்க் குடியேறும் துணிச்சல் இந்தப் பறவைக்கு ரொம்பக் குறைவு. ஒரு வட்டாரத்தில் கடைசிக் கூடு அழிந்தால், அந்த வட்டாரமே பல பத்தாண்டுகளுக்கு வெறிச்சோடிப் போவது இதனால்தான். அதேபோல் ஒரே ஒரு கூடு தப்பினால் அதைச் சுற்றி ஒரு ஊரே உண்டாகும்.

அப்படி ஒரே ஒரு கூட்டிலிருந்து ஊர் உண்டான இடம்தான் லோக் கார்ட்டன். 1954-இல் கெய்ர்ன்கார்ம் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஏரிப் பக்கம் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. ஸ்காண்டிநேவியாவுக்குப் போகிற வழியில் தங்கிவிட்ட பறவைகளாக இருக்கலாம் என்பது ஊகம். செய்தி தெரிந்த நாலு பேர் வாயைத் திறக்கவில்லை. ரகசியமாக வைத்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் முட்டைத் திருடர்களுக்கு இப்படிப்பட்ட செய்தி எப்படியோ முதலில் போய்விடும். அடுத்தடுத்த வருஷங்கள் தோல்வியாகவே போயின.

1958-இல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் கூட்டுக்குக் காவல் போட்டது. ஸ்காட்லாந்தில் அதன் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். கொஞ்ச தூரத்தில் ஒரு மறைப்புக் குடில், அதில் முறை வைத்து ஆட்கள். ஜூன் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவு, மரத்தில் ஓர் உருவம் ஏறுவது காவலில் இருந்தவருக்குத் தெரிந்தது. கத்திக்கொண்டே ஓடினார். அவர் மரத்தை எட்டுவதற்குள் அவன் இறங்கிக் காட்டுக்குள் மறைந்துவிட்டான். மரத்தடியில் விரால் அடிப்பான் முட்டைகள் உடைந்து கிடந்தன. மேலே ஏறிப் பார்த்தால் கூட்டில் இரண்டு முட்டை இருக்கிறது. கோழி முட்டை! மேலே பழுப்பு நிற ஷூ பாலிஷைத் தடவி, திட்டுத் திட்டாக அச்சு அசலாகத் தெரியும்படி செய்திருந்தான். பறவை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், காவல்காரர்களுக்கும் சந்தேகம் வராது, தான் நிதானமாக ஊர் போய்ச் சேரலாம் என்பது கணக்கு.

அடுத்த வருஷம் வாட்டர்ஸ்டன் எடுத்த முடிவுதான் என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே பெரிய காரியம். காவலை இரட்டிப்பாக்கினார், மரத்தில் முள்கம்பி சுற்றினார், அதெல்லாம் சரி. கூடவே, கூடு இருக்கும் இடத்தை ஊருக்கே அறிவித்தார். “வாருங்கள், பாருங்கள்” என்று வழிகாட்டிப் பலகை வைத்து, பார்வையாளர் குடில் கட்டி, உள்ளே பைனாகுலர்களைப் பொருத்தி வைத்தார். அவருடைய சங்கத்திலேயே பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருப்பார்கள். 1959-இன் அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன.

யோசித்துப் பாருங்கள். ரகசியமாக இருந்தவரை அந்தக் கூட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் நாலைந்து பேர், அதைத் திருட நினைப்பவர்களும் நாலைந்து பேர். பதினாலாயிரம் பேர் பார்த்தபின் கணக்கே மாறிவிட்டது. பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரருக்கு அந்தக் கூடு பிழைப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ‘நம்ம’ பறவை. காட்டில் ராத்திரியில் அந்நியக் கார் நின்றால் யாராவது போன் செய்வார்கள். கூட்டை மறைத்தபோது கிடைக்காத காவல் அதைக் காட்டியபோது கிடைத்தது.

எண்ணிக்கை ஒன்றும் மளமளவென்று ஏறிவிடவில்லை. டிடிடி போன்ற பூச்சி மருந்துகள் மீன் வழியாகப் பறவையின் உடம்பில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியவைத்த காலம் அது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதே பறவை அந்த மருந்தால் பெருமளவு அழிந்தது. ஸ்காட்லாந்தில் 1976-இல் வெறும் 14 ஜோடிகள். மருந்துகள் விலக்கப்பட்டு, காவலும் தொடர, 2001-இல் ஏறத்தாழ 158. இப்போது பிரிட்டன் முழுக்கச் சேர்த்துச் சுமார் 250 ஜோடிகள் என்பார்கள். சட்டமும் கூட வந்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டில் இருக்கும் இந்தப் பறவையைத் தெரிந்தே தொந்தரவு செய்வதே குற்றம். கையை வைக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் போய் அதைக் கலைத்தாலே போதும்.

‘கலைத்தால் என்ன, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்காராதா’ என்று தோன்றலாம். ஏப்ரல் மாத ஸ்காட்லாந்து நம் ஊர் ஏப்ரல் இல்லை. கூட்டில் பெண் அடை காத்துக்கொண்டிருக்க, அதன் முதுகில் பனி கொட்டி, தலை மட்டும் வெளியே தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று முட்டை, ஏறத்தாழ 37 நாள் அடை. ஆண் மீன் கொண்டுவந்து தரும், அவ்வப்போது முட்டை மேல் முறை மாற்றிக்கொள்ளும். படம் எடுக்கிறேன் என்று ஒருவர் மரத்தடிக்குப் போய் அரைமணி நேரம் நின்றால், பெண் மேலேயே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருக்கும், முட்டை சில்லிட்டுப் போகும். காக்கைக்கு அந்த இடைவெளி போதும். அந்த முட்டைகள் போனால் அந்த வருஷமே போனது மாதிரி. மறுபடி இட்டுப் பொரித்து, குஞ்சு வளர்ந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பக் கோடை போதாது.

காவல் எப்படி நடக்கிறது? வேல்ஸில் கிளாஸ்லின் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே 2004-இல் ஒரு ஜோடி கூடு வைத்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருஷமே காற்றில் கூடு சரிந்து குஞ்சுகள் செத்தன. அடுத்த பருவத்துக்குள் அதே மரத்தில் உறுதியான அடித்தளம் போட்டுக் கூட்டைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள், அதில் குஞ்சு பொரித்தது. அப்போதிருந்து முட்டை இருக்கும் வாரங்களில் இருபத்து நாலு மணி நேரக் காவல். காவலர்கள் என்றால் துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், விடுமுறையில் வந்த கல்லூரி மாணவி, பக்கத்து ஊர் பண்ணைக்காரர் என்று எல்லோரும் தன்னார்வலர்கள். வயலோரம் நிற்கும் வண்டியில் டெலஸ்கோப், இருட்டில் பார்க்கும் கேமரா, சூடான டீ, ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்கு ஆண் மீன் கொண்டுவந்தது, என்ன மீன், பெண் எத்தனை நிமிஷம் முட்டையை விட்டு எழுந்தது என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான இரவுகளில் எதுவுமே நடக்காது. குஞ்சு பொரித்துவிட்டால் முட்டைத் திருடனுக்கு அங்கே வேலை இல்லை, ராத்திரி முறையும் தளரும்.

திருடர்கள் காலமெல்லாம் போய்விட்டதே என்று நினைத்தால், 2021 ஏப்ரல் 30 ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு வேல்ஸில் லின் ப்ரெனிக் நீர்த்தேக்கம். கம்பத்தின் மேல் அமைத்த கூட்டில் பெண் முதல் முட்டையை இட்டிருந்த நேரம். யாரோ வந்து மரம் அறுக்கும் மெஷினால் கம்பத்தை அடியோடு அறுத்துச் சாய்த்தார்கள். முட்டை எடுக்கக்கூட இல்லை, சும்மா அழித்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று இதுவரை எனக்குப் புரிந்ததில்லை. கம்பத்தைத் திரும்ப நட்டார்கள். அடுத்த ஏப்ரலில் அந்த இடத்தில் மறுபடி முட்டை இருந்தது.

கம்பம் என்றேன் அல்லவா, அதைச் சொல்ல வேண்டும். உதவியில் பாதி காவல் என்றால் மீதிப் பாதி கூடு கட்டிக் கொடுப்பது. 1960-இல் இளைஞராக லோக் கார்ட்டன் காவலுக்கு வந்த ராய் டென்னிஸ் இதில் கெட்டிக்காரர். உச்சி காய்ந்த, காற்றுக்கு விழக்கூடிய மரத்தில் பறவை கூடு வைத்திருந்தால், பருவம் முடிந்தபின் பக்கத்தில் பலமான மரத்தில் ஏறி, உச்சியைச் சமன் செய்து, கையால் குச்சி அடுக்கிக் கூடு கட்டிவிடுவார். இப்போது இது பெரிய கலையாகிவிட்டது. மரச் சட்டத்தில் கம்பி வலை, அதன் மேல் கனத்த குச்சிகளை வட்டமாகப் பின்னி, நடுவில் பாசியும் புல்லும் பரப்புவார்கள். கடைசியில் ஒரு தந்திரம்: பறவை எச்சம் மாதிரி வெள்ளைப் பெயின்டை விளிம்பில் தெளித்துவிடுவார்கள். மேலே பறந்து போகும் இளம் ஆண், “ஓ, இங்கே யாரோ குடியிருந்திருக்கிறார்கள், நல்ல இடம்தான்” என்று இறங்கிப் பார்க்கும். சொன்னேனே, தனியாகப் புது இடம் தேடும் துணிச்சல் அதற்கு இல்லை. அந்தக் கூச்சத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்துக்கு அதுவும் போதவில்லை, ஸ்காட்லாந்துப் பறவைகள் தெற்கே நகர மறுத்தன. 1996 முதல் 2001 வரை 64 குஞ்சுகளை, ஆறு வார வயதில், ஸ்காட்லாந்துக் கூடுகளிலிருந்து எடுத்து வந்து நடு இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். மனித முகம் பழகிவிடக் கூடாது என்று மறைவில் இருந்தே மீன் போட்டார்கள். பறக்கத் தொடங்கிய இடத்தைத்தான் இந்தப் பறவை ஊர் என்று நினைக்கும் என்ற நம்பிக்கை. பலித்தது. 2001-இல் அங்கே முதல் குஞ்சு. கிளாஸ்லினில் 2004-இல் கூடு வைத்த அந்த ஆண்கூட, 1998-இல் ரட்லண்டில் விடப்பட்ட பறவைதான். காலில் மாட்டியிருந்த அடையாள வளையம் காட்டிக் கொடுத்தது.

எவ்வளவு தூரம் கை கொடுக்கலாம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. 2012 ஜூனில் வேல்ஸின் டவி ஆற்றுக் கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. நாள் கணக்கில் மழை. ஆணால் மீன் பிடிக்க முடியவில்லை. நேரடி கேமராவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு குஞ்சுகள் செத்தன. மூன்றாவதும் தலை தொங்கத் தொடங்கியபோது திட்டக்காரர்கள் மேலே ஏறி, அதற்கு மீன் துண்டுகளை ஊட்டி, கூட்டில் திரும்ப வைத்தார்கள். பிழைத்தது. கெய்லன் என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து, பறந்து, முதுகில் கட்டிய கருவி இடம் காட்டக் காட்ட செனகல் வரை போயிற்று. அங்கே அந்த வருஷக் கடைசியில் ஒரு மீன்பிடி வலையில் சிக்கிச் செத்தது.

வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் வழக்கமாகச் செய்ய வேண்டியது அது இல்லை என்றும் நினைக்கிறேன். மழையும் பசியும் பறவைக்குப் புதிதில்லை, அது தாங்கும், அல்லது அடுத்த வருஷம் ஈடுகட்டும். முட்டைத் திருட்டு, மெஷின் ரம்பம், வீசி எறிந்த நைலான் கயிறு போன்றவை நாம் கொண்டுவந்த கேடுகள். அவற்றுக்கு மட்டும் நாம் நடுவில் நிற்பது நியாயம். பறவை குச்சியோடு சேர்த்து அந்தக் கயிற்றையும் கூட்டுக்குக் கொண்டுவந்துவிடும், அது குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். வளையம் மாட்டப் போகும்போது அதை வெட்டி எடுத்துவிட்டு வருவார்கள். மற்றபடி கீழே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தென் இங்கிலாந்தில் பூல் துறைமுகப் பக்கம், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் முதல்முறையாகக் குஞ்சுகள் பறந்தன. இரண்டு குஞ்சு. அதில் ஒன்றைப் பெரிய வல்லூறு ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அத்தனை வருஷ உழைப்பு, யாருக்கும் மனசு கேட்டிருக்காது. ஆனாலும் அது காட்டின் கணக்கு.

நீங்கள் பழவேற்காட்டில் பார்ப்பவை இந்த ஸ்காட்லாந்துப் பறவைகள் இல்லை. அவை ஆப்பிரிக்காவுக்குப் போகிறவை. நம் பக்கம் வருவது ஆசியாவின் வடபகுதியில் கூடு வைக்கும் கூட்டம். கோடியக்கரை, அணைக்கட்டு நீர்த்தேக்கங்கள், இலங்கையின் களப்புகள் எல்லாம் அவற்றுக்குக் குளிர்கால மீன் கடை. மீனும் தொந்தரவில்லாத ஒரு பட்டமரமும் இருந்தால் போதும்.

கூடு பார்க்க ஆசை என்றால் கேமராதான் வழி. ஸ்காட்லாந்தின் லோக் ஆஃப் த லோஸ், கிளாஸ்லின், டவி, ரட்லண்ட் எல்லாவற்றிலும் பருவத்தில் நேரடி ஒளிபரப்பு உண்டு. மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் பாதி வரை பாருங்கள், குஞ்சுகள் சின்னதாக இருக்கும் காலம். ஆண் பெரும்பாலும் தலை தின்ற மீனாகக் கொண்டுவரும், பெண் காலால் அழுத்திப் பிடித்து, அரிசி அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி, தலையைச் சாய்த்துக் குஞ்சின் வாயருகே நீட்டும். அந்த நகத்தோடு குஞ்சுகளுக்கு நடுவில் நடக்கும்போது விரல்களைச் சுருட்டிக்கொண்டு நடப்பதைக் கவனியுங்கள். ஜூனில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும், முதல் மீன் அப்போதுதான் வரும். அவர்கள் கோடை நேரத்துக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். காலை ஒன்பது மணிக்குத் திறந்து வையுங்கள், சரியாக இருக்கும்.